உடன் வந்தவர்

இல்லை, நான் திருமண வீட்டிலிருந்து வரவில்லை. பட்டுப் புடவையையும் மடியில் கிடக்கும் இந்தச் சால்வையையும் பார்த்து நீங்கள் அப்படி எண்ணியதில் தவறு ஒன்றுமில்லை. மாநாட்டிலிருந்து வருகிறேன். மக்கள் தொடர்பாளர்களின் ஆண்டு மாநாடு. கோயம்புத்தூரில் விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு பெரிய ஓட்டலில் நேற்றும் இன்றும் நடந்தது. நடந்தது என்ன, இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

சால்வையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதை முதலில் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

நீங்கள் சேலத்தில் இறங்குவதாகச் சொன்னீர்கள். வங்கிப் பணி. நல்லது. கையொப்பம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் பணியை உங்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். ஒரு நிறுவனத்தில் நல்லது நடந்தால் அதை ஊருக்குச் சொல்வது, கெட்டது நடந்தால் அதை ஊருக்கு எப்படிச் சொல்வது என்று முடிவு செய்வது. முன்னதைவிடப் பின்னதற்குத்தான் எங்களைத் தேடி வருவார்கள். சென்னையில் இருக்கும் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக நான் தமிழ்ப் பிரிவைப் பார்க்கிறேன். தமிழ்ப் பிரிவு என்றால் நான்தான். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் கல்லூரியில் இலக்கணம் நடத்தினேன், தற்காலிகப் பணியில். உரையாசிரியர்களைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. பிறர் எழுதியதைத் தெளிவாக்குவதில் எனக்குப் பழக்கம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் எப்போதும் இப்படித்தான் பேசுவேன். வீட்டிலும் இப்படித்தான். என் கணவர் சிரிப்பார். கோபம் வந்தால் பிறருக்குச் சொற்கள் உடைந்துபோகும். எனக்கு வாக்கியங்கள் நீளும். இன்று மிகவும் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளைப் பாருங்கள். ‘மாநாட்டில் நான் கற்ற தனிப்பட்ட பாடங்கள்’. கீழே ஐந்து கோடுகள். மாநாட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் இதை நிரப்பி இன்று மாலைக்குள் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், செய்திமடலில் போடுவார்கள். ஐந்து கோடு. நான் கற்றதை எழுத இந்த இரயில் பெட்டியின் சுவர் போதாது.

முதற்பாடத்தை நேற்றுக் காலை வாசலிலேயே கற்றுவிட்டேன். வரவேற்பு மேசையில் எல்லோருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பெயரட்டை கொடுத்தார்கள். எனக்கு இல்லை. பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார்கள், கீழிருந்து மேலாகப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், மிகவும் கனிவாக, “உங்க சார் பேருல பிளஸ் ஒன்னுன்னு இருக்கு மேடம், அது நீங்கதான்” என்று சொல்லி ஓர் அட்டையை என் கழுத்தில் மாட்டினாள். அதில் என்ன இருந்தது தெரியுமா? ‘உடன் வந்தவர்’.

உடன் வந்தவர். திருமணத்துக்கு மாப்பிள்ளையுடன் வந்தவர் என்பதுபோல.

எங்கள் சார் என்பவர் ஷ்ரவண். நிறுவனத்தின் தலைவர், நாற்பத்தொரு வயது. என்னை ‘தமிழ் மேடம்’ என்பார். என் முழுப்பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்கு ஐயமாக இருந்தது. நான் அட்டையைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில், ‘முனைவர் கோ. மங்கையர்க்கரசி’ என்று என் கையால் எழுதி, அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டேன். அந்தக் கயிறு முறுக்கிய கயிறு. நான்கடி நடப்பதற்குள் அட்டை தானாகத் திரும்பிக்கொள்ளும். இரண்டு நாளும் அதைத் திருப்பித் திருப்பி வைத்ததே என் வேலையாக இருந்தது.

மாநாட்டில் ஆண்டுதோறும் சிறந்த வேலைக்கு விருது கொடுப்பார்கள். நான் விருதுக்கு ஆசைப்பட்டவள் அல்லள். இதை நீங்கள் நம்ப வேண்டும். கோப்பை வேண்டாம், மேடை வேண்டாம். என் பெயரை ஒரு முறை, முழுமையாக, ஒலிபெருக்கியில் ஒருவர் சொல்ல வேண்டும் என்று மட்டும் எண்ணினேன். பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனை முதலாளிகளின் வாயில் எத்தனை வாக்கியங்களை வைத்திருக்கிறேன் தெரியுமா? ‘என்று அவர் கூறினார்’ என்று செய்தித்தாளில் படிக்கிறீர்களே, அவற்றில் பாதி அவர் கூறியவை அல்ல; நான் கூறியவை. அது எங்கள் தொழில்முறை. நாங்கள் எழுதுவோம், அவர் பார்த்துச் சரி என்பார், அது அவருடைய கூற்றாகிவிடும். இதில் பொய் ஒன்றும் இல்லை. பேசத் தெரியாதவருக்குப் பேச்சுக் கொடுப்பது பொய்யாகுமா?

இந்த ஆண்டு விருதுக்கு நாங்கள் அனுப்பிய வேலை எது என்று சொல்கிறேன். உசிலம்பட்டிக்கு அருகில் ஒரு தின்பண்ட ஆலை. பெயர் வேண்டாம், மஞ்சள் நிறப் பையில் காராச்சேவு வாங்கியிருப்பீர்கள். சென்ற ஐப்பசி மழையில் அந்த ஆலையின் பொட்டலம் கட்டும் கொட்டகைக் கூரை சரிந்து பதினொரு பெண்கள் காயப்பட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அன்று பிற்பகலே எங்களைக் கூப்பிட்டார்கள். மறுநாள் எல்லாத் தமிழ் நாளேடுகளிலும் முதலாளியின் மன்னிப்புக் கடிதம் அரைப்பக்கத்துக்கு வந்தது. ‘உங்கள் காயங்களுக்கு முன் எங்கள் விளக்கங்கள் சிறியவை.’ நீங்களும் படித்திருக்கக்கூடும். கைபேசிகளில் எங்கும் சுற்றியது. அது என் வாக்கியம்.

பன்னிரண்டாம் நாள் தொழிலாளர்களின் பதில் கடிதம் வந்தது. காயப்பட்ட ஒரு பெண் முதலாளிக்கு எழுதியது. ‘அன்று பெய்த மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. இந்த ஆலை எங்களுக்கு இன்னொரு தாய்வீடு. விழுந்தது கூரைதான், எங்கள் நம்பிக்கை விழவில்லை.’ இதுவும் சுற்றியது. முதற்கடிதத்தைவிட அதிகமாகவே சுற்றியது. படித்துவிட்டு அழுதவர்கள் உண்டு.

இதையும் நான்தான் எழுதினேன். ஏன், அந்த நடை ஒரு தொழிலாளிக்கு வருமா? ‘கூரைதான்’ என்பதற்குப் பின் அந்த இடைவெளி வருமா? முதற்கடிதம் கேள்வி என்றால் இரண்டாவது விடை. இரண்டையும் ஒரே கை எழுதினால்தான் பொருந்தும்.

பெயரைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். பதினொரு பெயர் கொண்ட பட்டியலை அனுப்பினார்கள். பிரியா என்று மூவர், மற்றும் சிலர். ஒச்சம்மாள் என்ற பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கத்து மண்ணுக்கே உரிய பெயர். நாற்பத்தாறு வயது. இடக்கையில் அடி. அவள் பெயரில் எழுதினேன். ஒப்புதல் வாங்கினார்களா என்று கேட்டேனா என்றால், கேட்டேன். ஆலையின் அலுவலர் மருத்துவமனைக்குப் பழக்கூடை கொண்டுபோனபோது, பெற்றுக்கொண்டதற்கான பதிவேட்டில் எல்லோரிடமும் கையொப்பம் வாங்கியதாகச் சொன்னார். கையொப்பம் இருக்கிறது. அதற்குமேல் நான் என்ன செய்ய வேண்டும்? நீங்களே சொல்லுங்கள், உங்கள் வங்கியில் கையொப்பம் இருந்தால், ‘இதைப் படித்துவிட்டுத்தான் போட்டீர்களா’ என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்க் கேட்பீர்களா?

சரி. ஷ்ரவணுக்கு ஒரு யோசனை தோன்றியது. மாநாட்டில் இந்த வேலையைப் பற்றி அவர் பேசும்போது, கடிதம் எழுதிய தொழிலாளியையே மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்த வேண்டும். நடுவர்களுக்கு உண்மையான குரல் பிடிக்குமாம். உண்மையான குரல் என்று அவர் என்னிடமே சொன்னார். அந்தப் பெண் மேடையில் படிக்க வேண்டிய இரண்டு வரி நன்றியுரையை என்னையே எழுதச் சொன்னார். எழுதிக்கொடுத்தேன்.

இன்று காலைச் சிற்றுண்டி நேரத்தில்தான் ஒச்சம்மாளை முதன்முதலாகப் பார்த்தேன். புதுப்புடவையை எடுத்துக் கொடுத்து, காரில் ஏற்றி நேற்றே கொண்டுவந்துவிட்டார்கள். அவள் கழுத்தில் அட்டை இருந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த அட்டை. ‘திருமதி ஒச்சம்மாள், சிறப்பு விருந்தினர்’. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பொறாமை அன்று. முறை என்று ஒன்று இருக்கிறது இல்லையா, அதைச் சொல்கிறேன்.

தட்டில் இரண்டு இட்டிலியை வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். நான்தான் என் நாற்காலியைக் கொடுத்தேன். முந்தானை ஊசி கழன்றிருந்தது, நான்தான் மாட்டிவிட்டேன். இடக்கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. அவளால் தானாக மாட்டிக்கொள்ள முடியாது.

“நீங்க எந்த ஆபீசு மேடம்?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் என் அட்டையைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். அது அந்த நேரம் பார்த்துத் திரும்பியிருந்தது. “உடன்... வந்தவர். ஓ, நீங்களும் என்னைய மாதிரி கூட்டியாந்த ஆளுதானா? ஒக்காருங்க, ஒக்காருங்க. எனக்கு இங்கன ஒருத்தரையும் தெரியல. அம்புட்டுப் பேரும் இங்கிலீசுல சிரிக்கிறாக.”

கூட்டிவந்த ஆள். நான் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “மேடம், நீங்க படிச்சவுக. ஒரு விசயம் வெசாரிச்சுச் சொல்லுவீகளா? பேப்பர்ல வந்துச்சுல்ல எம் பேருல ஒரு லெட்டரு, அத எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியணும். ஆலையில கேட்டா மெட்ராசுங்கிறாக. அவுகளப் பாக்கணும்னுதான் நான் கெளம்பி வந்ததே. சால்வைக்கா வந்தேன்?”

என் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். பத்தொன்பது ஆண்டுகள். ஒருவரும் கேட்டதில்லை. எழுதியது யார் என்று ஒருவராவது கேட்டதில்லை. இவள், இட்டிலித் தட்டோடு, உசிலம்பட்டியிலிருந்து அதைக் கேட்பதற்காகவே வந்திருக்கிறாள். “அந்தக் கடிதம் உங்களை அவ்வளவு பாதித்ததா?” என்று கேட்டேன்.

“பாதிக்காம?” என்றாள். “எட்டு மாசமா அதே நெனப்புத்தான். தூக்கம் இல்ல.”

நான் அதை எப்படி எடுத்துக்கொள்வேன்? எப்படி எடுத்துக்கொள்வீர்கள் நீங்கள்? அந்த வாக்கியங்களைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

அப்போதே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இட்டிலிக்கும் சாம்பாருக்கும் நடுவில் சொல்லித் தீர்க்கும் செய்தியா அது? நான் அவளிடம், “இதை என்னிடம் கேட்காதீர்கள். மேடையில் கேளுங்கள். உங்களுக்கு ஒலிவாங்கி கொடுப்பார்கள். எல்லோருக்கும் முன்னால், எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அவர்கள் மழுப்புவார்கள். விடாதீர்கள்” என்றேன்.

“மேடையிலயா? ஏதும் சொல்லுவாகளோ?”

“சிறப்பு விருந்தினரை யார் என்ன சொல்ல முடியும்?”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்லா இருப்பீக மேடம்” என்றாள்.

பதினொரு மணிக்கு ஷ்ரவண் பேச வந்தார். பின்னால் பெரிய திரை. இரண்டு கடிதங்களும் அருகருகே. நான் நான்காவது வரிசை, ஓரத்து இருக்கை. அவர் முதல் வாக்கியத்திலேயே, “அன்னிக்கு நைட் நான் தனியா உட்கார்ந்து இந்த வரிய எழுதும்போது கண் கலங்கிட்டேன்” என்றார். எந்த வரி? ‘உங்கள் காயங்களுக்கு முன்.’ அவருக்கு ‘காயம்’ என்பதற்குக் கூடக் கால் எங்கே போடுவது என்று தெரியாது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அரங்கம் கைதட்டியது. பிறகு அவர் இரண்டாவது கடிதத்தைக் காட்டி, ஒரு தொழிலாளியின் உள்ளத்திலிருந்து தானாகப் பொங்கி வந்தது என்றார். மன்னிப்பை உண்மையாகக் கேட்டால் பதில் உண்மையாக வரும் என்பது இதில் அவர் கற்ற பாடமாம். பாடம்.

ஒச்சம்மாளை அழைத்தார்கள். இந்தச் சால்வையைப் போர்த்தினார்கள். இதோ, இதேதான். என் இரண்டு வரியையும் ஒலிவாங்கியையும் கொடுத்தார்கள். அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எல்லாருக்கும் வணக்கம். இந்த லெட்டர எழுதுனது யாருங்க?” என்றாள்.

நான் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டாள்.

ஷ்ரவண் சிரித்தார். “நீங்கதான்மா. உங்க பேர்தானே இருக்கு.”

“எம் பேரு இருக்கு. நான் எழுதலையே. எழுதுனவுக பேரச் சொல்லுங்க.”

“அது வந்து... டீம் வொர்க் அம்மா.”

“டீமுன்னா? அவுகளுக்கு ஒரு பேரு இருக்கும்ல?”

விடவில்லை பாருங்கள். நான் அட்டையைத் திருப்பிச் சரி செய்துகொண்டேன். அரங்கத்தில் எல்லோரும் மகிழ்ச்சியாகச் சிரித்தார்கள். எதார்த்தமான பெண், நன்றி சொல்லத் துடிக்கிறாள் என்று நினைத்தார்கள். ஷ்ரவணும் அப்படித்தான் நினைத்தார். அதனால்தான் நெஞ்சில் கைவைத்து, “சரி, நான்தான்மா” என்றார்.

நான்தான் என்றார். எண்ணூறு பேருக்கு முன்னால். நான் பாதி எழுந்துவிட்டேன்.

அப்போது ஒச்சம்மாள் பேசத் தொடங்கினாள். குரலை உயர்த்தவில்லை, கடையில் சரியில்லாத பொருளைத் திருப்பிக் கொடுப்பவள்போலப் பேசினாள். “நீயா தம்பி? அப்பச் சொல்லு. கூரை வளைஞ்சு நிக்கிதுன்னு நாங்க மூணு தடவ சூப்பர்வைசர்ட்டச் சொன்னோம். நாந்தான் முன்ன நின்னு சொன்னேன். நீ என்னா எழுதியிருக்க? யாரும் எதிர்பாக்கலன்னு. நான் சொன்னதா எழுதியிருக்க. வெசாரணைக்கு வந்த ஆபீசரு அந்தப் பேப்பரக் காட்டி, நீயே சொல்லியிருக்கியேம்மாங்கிறாரு. எங்கூட அடிபட்ட பத்துப் பேரும் இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசுறதில்ல. வெலபோயிட்டாளாம் ஒச்சம்மா. கொழாயடிக்குப் போனா கொடத்தத் தூக்கிட்டு நகந்து போறாளுக. கூரை விழுந்துச்சு, நம்பிக்க விழுகலயாம். விழுந்தது எந் தலையில. என்னா விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

அரங்கத்தில் சிரிப்பு நின்றது. பலர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள்.

அப்போதுதான் ஷ்ரவண் வாயைத் திறந்தார். பத்தொன்பது ஆண்டுகளாக நான் காத்திருந்தது அந்த நொடியில் நடந்தது. “ஆக்சுவலா, தமிழ்க் கடிதம் முழுக்க எழுதினது எங்க சீனியர், முனைவர் கோ. மங்கையர்க்கரசி. ஷி இஸ் ஹியர். மேடம், ப்ளீஸ், எழுந்து நில்லுங்க.”

முழுப்பெயர். முனைவர் உட்பட. தந்தையின் முதலெழுத்து உட்பட. அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

விளக்கை என்மேல் திருப்பினார்கள். நான் நின்றேன். பழக்கதோஷத்தில் இரண்டு மூன்று பேர் கைதட்டவும் செய்தார்கள். அட்டை திரும்பித்தான் கிடந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

ஒச்சம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். படியிறங்கி நேரே என்னிடம் வந்தாள். “நீங்களா மேடம்?” என்றாள். “காலையில சொல்லியிருக்கலாம்ல?”

நான் என் நாற்காலியைக் காட்டினேன்.

“எழுதுறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

தன் தோளிலிருந்த சால்வையை எடுத்தாள். மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு நான்காக மடித்தாள், நேரமாயிற்று, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் இரண்டு கைகளிலும் வைத்தாள். “லெட்டரு ஒங்களுது. அப்ப மரியாதயும் ஒங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். காரில் ஏற மறுத்துப் பேருந்து நிலையத்துக்கு வழி கேட்டாளாம்.

இதை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பையில் வைத்தால் பை மூடமாட்டேன் என்கிறது.

எனக்குக் கோபம் யார்மீது என்று கேட்கிறீர்களா? எல்லோர்மீதும். நாற்காலி கொடுத்தேன், ஊசி மாட்டிவிட்டேன், மேடையில் பேசத் துணிவு கொடுத்தேன், அவள்மீதும். ஊரில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்கிறார்கள் என்றால் அதற்கு என் தமிழா காரணம்? வளைந்த கூரையைப் பற்றி எனக்கு வந்த குறிப்பில் ஒரு சொல் இல்லை. ஒரு சொல் இருந்திருந்தால் நான் வேறு விதமாக எழுதியிருப்பேன். எதிர்பார்க்கவில்லை என்பதற்குப் பதிலாக, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை என்று எழுதியிருப்பேன்.

ஒரு நிமிடம். கைபேசி. அலுவலகம்தான். ஈரோடு தாண்டும்வரை பேசாமல் இருந்தார்கள்.

படிக்கிறேன். சத்தமாகவே படிக்கிறேன், நீங்களும் கேளுங்கள். அரங்கத்தில் எடுத்த காட்சி எங்கும் பரவிவிட்டதாம். ஐந்து மணிக்குள் ஓர் அறிக்கை வெளியிட வேண்டுமாம். அறிக்கையை எழுதியே அனுப்பியிருக்கிறார்கள். ‘மங்கையர்க்கரசி ஆகிய நான் வருத்தம் தெரிவித்து கொள்கிறேன். அந்த தொழிலாளி பெயரில் வந்த கடிதத்தை நிறுவனத்துக்கு தெரியாமல் நானே என் சொந்த விருப்பத்தில் எழுதினேன். தலைவர் ஷ்ரவண் அவர்களுக்கு இதில் தொடர்பு இல்லை. இதற்காக வருத்தப்படுகிறேன், மிகவும் வருந்துகிறேன்.’ கீழே, ‘மேடம், இது உங்க பேர்ல போகுது. ஓகேன்னு மட்டும் அனுப்புங்க.’

என் சொந்த விருப்பத்தில். நிறுவனத்துக்குத் தெரியாமல்.

நான் இதைச் சொன்னேனா? நீங்கள் கேட்டீர்களா, நான் எங்காவது இதைச் சொன்னேனா? நான் சொல்லாத ஒன்றை நான் சொன்னதாக எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, ஊர் முழுவதும் படிக்கும்படி அனுப்புவார்களாம். எவ்வளவு துணிவு இருக்க வேண்டும். அலுவலகத்தில் இருக்கும் ஏதோ ஒரு பையன் எழுதியிருப்பான், என்னைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? நான் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவேன், எதைப் பயன்படுத்தமாட்டேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு என் தெருவில் இருப்பவர்கள் இதை உண்மை என்று நம்பினால், அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? எழுதுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இல்லை, நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். அது வேறு, இது வேறு. நான் எழுதியது நல்ல தமிழ். அதைப் படித்து ஊரே அழுதது. இதைப் படித்து யார் அழுவார்கள்? ஒரே பத்தியில் மூன்று வருத்தம். இந்த நடை என் பெயரில் வெளியாவதா? என்னிடம் படித்த மாணவர்கள் இன்று பேராசிரியர்களாக இருக்கிறார்கள். அவர்கள் படிப்பார்கள்.

உங்களிடம் பேனா இருக்கிறதா? நன்றி. வேறு தாள் இல்லை, இந்தப் பாடங்கள் தாளின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். முன்பக்கம் எப்படியும் காலியாகத்தான் இருக்கிறது. இந்தச் சால்வையைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள்; அல்லது சன்னலோரம் வைத்துவிடுங்கள்.

முதலில் அந்த ‘ஆகிய நான்’ போக வேண்டும். காவல் நிலையத்து வாக்குமூலம் போல இருக்கிறது. வருத்தம் ஒன்று போதும், அதுவும் இறுதியில். நிறுவனத்துக்குத் தெரியாமல் என்பது கொச்சையாக இருக்கிறது. ‘நிறுவனத்தின் கவனத்துக்குக் கொண்டுவராமல்.’ ஆம். தலைவரைப் பற்றிய வாக்கியம் நடுவில் கிடக்கக் கூடாது. முன்னே கொண்டுவந்தால்தான் அழுத்தம். ஒரு நல்ல வாக்கியம் வேண்டும். படிப்பவர் நின்று திரும்பிப் படிக்க வேண்டும்.

நீங்கள் உங்கள் பையை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்காகக் காத்திருக்க வேண்டாம். சேலத்தில் நெடுநேரம் நிற்காது. இல்லை, இன்னும் ஒரு நிமிடம் இருங்கள். ஒருவராவது கேட்க வேண்டும் அல்லவா?

‘எங்கள் நிறுவனத்துக்கோ அதன் தலைவருக்கோ இதில் எவ்விதத் தொடர்பும் இல்லை. திருமதி ஒச்சம்மாள் பெயரில் வெளியான கடிதத்தை, எவருடைய கவனத்துக்கும் கொண்டுவராமல், நானே எழுதினேன். அவருடைய காயங்களுக்கு முன் என் விளக்கங்கள் சிறியவை. வருந்துகிறேன்.’ கீழே, ‘முனைவர் கோ. மங்கையர்க்கரசி’. வேறு எவர் பெயரும் இல்லை. என் பெயர் மட்டும்.

எப்படி இருக்கிறது? இப்போதுதான் நான் சொன்னது போல் இருக்கிறது.